வெள்ளிக்கிழமை வரையாடுகள்

என் கணவர் வாசு வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் கல் குவாரி என்ஜினீயர். மலையை உடைப்பது அவர் வேலை. அந்த மலையில் வரையாடு இருக்கிறதென்று நிரூபிப்பது என் பிடிவாதம். விலங்கியல் படித்துவிட்டு நீலகிரியில் வரையாட்டின் பின்னால் ஏறி இறங்கியவள் நான். இங்கே இருப்பதும் அதன் ஒன்றுவிட்ட சொந்தம்தான்.

எழுபத்தாறில் குவாரி மேல் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. ஆடுகளுக்கு இருந்த ஒரே ஊற்று அங்கேதான். மாதக் கடைசிச் சனிக்கிழமை அங்கே வெடி வைப்பதாக ஏற்பாடு. ஆட்டைக் கண்ணில் காட்டுங்கள், நிறுத்துகிறேன் என்று அர்பாப் என்று எல்லோரும் அழைக்கும் முதலாளி சயீத் சொல்லியிருந்தார். வாரக்கணக்காக, டூட்டிக்குப் போகும் லாரியிலேயே தொற்றிக்கொண்டு போய்க் காத்திருந்தேன். ஒரு வால்கூடத் தென்படவில்லை. வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் விருந்து. சாப்பிட வரும் குவாரிக்காரர் சேதுமாதவன், குருமாவில் தேடிப் பார்க்கச் சொல்லிக் கேலி செய்வார்.

ஆனால் ஊற்றோரம் புதுப் புழுக்கை கிடந்தது, சனிக்கிழமை காலைகளில் மட்டும். அது எனக்கு உறைக்க இத்தனை நாள் ஆனதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வெள்ளி லீவு. மெஷின் ஓடாது, லாரி வராது. ஆடுகள் தண்ணீருக்கு இறங்கும் நேரத்தில் நான் வீட்டில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெடிக்கு முந்தின நாளான அந்த வெள்ளி அடுப்பே மூட்டவில்லை. அர்பாபை அழைத்து வரச் சொன்னதும் வாசுவின் முகம் வெளிறியது. ஆடு வராவிட்டால் மானம் போய்விடும் என்றார்.

"ஊற்று எப்படியும் நாளைக்குப் போகப்போகுது. மானத்தையும் சேர்த்துப் பணயம் வெச்சுப் பார்ப்போம்," என்றேன்.

தொழுகை முடிந்து அர்பாப் வந்தார். பாறை மறைவில் மூவரும் குப்புறப் படுத்தோம். வெயில் முதுகைப் பொரித்தது. அர்பாப் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். வாசு என்னைப் பார்க்கவே இல்லை.

மேலிருந்து ஒரு கல் உருண்டது. பிறகு கொம்பு தெரிந்தது. கிடா இறங்கியது, பின்னால் பெட்டை, அதன் காலோடு ஒட்டிக்கொண்டு குட்டி. தலை குனிந்து குடித்தன. எனக்குக் கண்ணீர் கொட்டியது. சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சின்ன வயதில் அப்பாவோடு பார்த்ததுதான், எல்லாம் செத்தொழிந்தன என்றே நினைத்திருந்ததாக அர்பாப் இந்தியில் முணுமுணுத்தார். பிறகு வாசுவின் தோளைத் தொட்டார்.

"கலாஸ், முடிந்தது. இங்கே வெடி கிடையாது."

ஆடுகள் மேலேறியதும், இன்னும் எத்தனை இருக்கும் என்று என்னிடம் கேட்டார்.

"எண்ணினால்தான் தெரியும். எண்ண எனக்கு ஒரு ஜீப் வேண்டும்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் ஜீப் சாவியை நீட்டினார். வாசு பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.