உப்புத் தண்ணி

பிரிசில்லா டீச்சருக்குப் பகல்கனவு காண யாரும் சொல்லித்தர வேண்டாம். வேலூரில் பஸ் ஏறினால் பள்ளிகொண்டா வருவதற்குள் அவளுடைய நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வியோடு ஆகாயத்தில் மிதப்பார்கள். ஆம்பூரில் இறங்கி வகுப்புக்குள் போனாலோ, அவர்கள் வாயைத் திறந்தால் புத்தகம்தான் பேசும். செய்து பார்த்துப் படிக்கட்டுமே என்று அவள் மன்றாடியதில் தலைமையாசிரியர் புகழேந்தி ஒரே ஒரு வெள்ளிக்கிழமையைக் கொடுத்தார். பிள்ளைகள் சொந்தமாக யோசிக்காவிட்டால் திங்கள் முதல் பழையபடி கேள்வி-பதில் மனப்பாடம்தான்.

வெள்ளியன்று அவர் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும், பாடம் அவ்வளவுதான். ஒரு கண்ணாடி ஜாடியில் கேன் தண்ணீர் இருந்தது. இன்னொன்றில் உப்புத் தண்ணி கொண்டுவரச்சொல்லி முன்பெஞ்சு ஹஃப்ஸாவை அனுப்பிவிட்டு, டீச்சர் மகராசி ஜன்னல் வெயிலில் பகல்கனவில் சொக்கி நின்றுவிட்டாள்.

ஜாடிக்கொரு முட்டையை விட்டாள். இரண்டும் சமர்த்தாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. உப்புத் தண்ணியில் என்ன ஆயிற்று என்று பழக்கதோஷத்தில் கேட்டுவைத்தாள்.

“மிதக்குது மிஸ்” என்று வகுப்பே பாடியது.

புகழேந்தி திருப்தியாகத் தலையாட்டினார். பிரிசில்லா அப்போதுதான் ஜாடியைப் பார்த்தாள்; முட்டை அடியில்தான் கிடந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்துப் போகலாம்.

“முழுகிடுச்சு மிஸ்” என்றாள் ஹஃப்ஸா.

உட்காரு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதற்காகத்தானடி இத்தனை நாள் ஏங்கினாய் என்று மனசு இடித்தது. எல்லாரையும் மேசையைச் சுற்றி வரச்சொன்னாள். எந்தத் தண்ணி என்று விசாரித்தால், போர் குழாயில் பிடித்ததாம். ஊரே அதைத்தானே உப்புத் தண்ணி என்கிறது, குழந்தையைச் சொல்லி என்ன? அதில் உப்பு கம்மி என்றான் தபரேஸ். இல்லை, முட்டைதான் கனம் ஜாஸ்தி என்றாள் மஹீன். சண்டையைத் தீர்க்கச் சத்துணவுக் கூடத்திலிருந்து உப்பு வந்தது. ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுக் கலக்கினார்கள். ஒன்பதாவது ஸ்பூனில் முட்டை, தூக்கம் கலைந்த குழந்தைபோல் மெல்லப் புரண்டு, வெயில் பட்ட தண்ணீருக்குள் மேலே மேலே வந்தது. பிரிசில்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

புகழேந்தி ஹஃப்ஸாவிடம் குனிந்தார். “எல்லாரும் மிதக்குதுன்னாங்க. முழுகிடுச்சுன்னு உனக்கு யாரும்மா சொன்னது?”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “யாரும் சொல்லல சார். பாத்தேன்.”

அவர் மிதக்கிற முட்டையை விரலால் ஒருமுறை அழுத்திவிட்டார். அது திரும்ப மேலே வந்தது.

“நானும் பாத்துட்டுதாம்மா இருந்தேன்” என்றார். பிறகு பிரிசில்லா பக்கம் திரும்பி, திங்கட்கிழமைக்குப் பிள்ளைகள் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார்.