நான்காம் பாடம்

“ஏன்டி, அந்த போன்ல பிரேக் எங்க இருக்கு?”

கணவர் இப்படிக் கேட்டது போன மாதம். அவள் அடுக்களைத் தரையில் சம்மணமிட்டு, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, வண்டி ஓட்டும் பாடத்தில் ஆளில்லாத ஒரு கார் நாற்சந்தியில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா இருங்க. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம். நடுவுல எந்திரிச்சா திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.”

“பாஸ் பண்ணிட்டா மட்டும்? ஸ்டியரிங்குக்கு மேல உன் தலை தெரியணுமே, குள்ளி!”

வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், அந்தக் குரல் பக்கத்தில் கேட்டதுபோல நின்றுவிட்டாள். அவரை அடக்கம் செய்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். மீந்தது அவருடைய அக்காவும் தம்பியும்தான்.

“அத வச்சிட்டு உக்காரும்மா. நாற்காலி எங்கயும் ஓடிடாது,” என்றாள் நாத்தனார்.

உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கும். அவள் அடுக்கினாள்.

கொழுந்தன் லாரி ஓட்டுகிறவன். அண்ணனைப் போலவே ஆறடி, எந்த வாசலிலும் தலை குனிந்தே நுழைவான். மேசை முன் உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருந்தான். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்தினான்.

“பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழச்சிருப்பாராம் அக்கா. டாக்டரே சொல்றாரு. பத்தே நிமிஷம்! அந்த ஆம்புலன்ஸ்காரன் எங்க நின்னு பீடி குடிச்சானோ.”

“அவன விடக்கூடாதுடா.”

“விடுவேனா? அவன வேலைய விட்டுத் தூக்காம ஓயமாட்டேன். அண்ணி, பதினொன்னுக்குத்தானே போன் பண்ணீங்க?”

“ஆமா தம்பி.”

பதினொன்று என்று எழுதினான். அவள் இடுப்பில் செருகியிருந்த போனில், அந்த அழைப்புக்கு நேரே பதினொன்று பன்னிரண்டு என்று இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். நாற்பத்து மூன்று வயதில் போனிலேயே ஒன்பது பாடம் முடித்து, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியிருந்தாள். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யப் போன வீடுகளில் எல்லாம் கணவர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். வீட்டுக்கு வந்தால் மட்டும் கேலி.

முந்தாநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனவளின் கையைப் பிடித்தார்.

“ஆஸ்பத்திரி இந்தா இருக்கு. நீ எடு வண்டிய. தொண்ணூத்தாறு வாங்கினவதானே.”

சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூட முயன்றார். கேலியா நிஜமா என்று அவள் கேட்கவில்லை. நம்பிவிட்டாள்.

அவரைத் தாங்கிப் பிடித்து, அவர் வேலைக்கு ஓட்டிப்போகும் வேனில் ஏற்றி, ஓட்டுநர் இருக்கையில் தான் ஏறினாள். நான்காம் பாடம், புறப்படும் முன். அவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். இருக்கையை முன்னால் இழுத்தாள், இனி நகராது என்கிற வரைக்கும். நடுக் கண்ணாடியைத் தாழ்த்தினாள். பக்கக் கண்ணாடிகளைத் திருப்பினாள். அவருக்கு பெல்ட் மாட்டினாள், தனக்கு மாட்டினாள். ஒன்றைச் சரியாக முடிக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்பதுபோலச் செய்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். பாடத்துக் காரில் மிதி இரண்டு. இங்கே மூன்று இருந்தன. இருபது வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனவள், அவர் காலை ஒருநாளும் பார்த்ததில்லை.

“கிளட்ச்…” என்றார். “இடது கால்…”

வேன் துள்ளியது, நின்றது. மறுபடி துள்ளியது, நின்றது. இன்னொரு முறை. நான்காவது முறை சாவியைத் திருப்பியபோது அவரிடமிருந்து சத்தமே இல்லை. அப்போதுதான் போனை எடுத்தாள்.

ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்தது. அதை ஓட்டி வந்தவர் நரைத்த மீசைக்காரர். வேனிலிருந்து கணவரை இறக்கும்போது அவள் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மீசைக்காரர்தான் குனிந்து அவிழ்த்துவிட்டு, “இறங்குங்கம்மா,” என்றார்.

“அண்ணி, வேன் சாவி குடுங்க. அஞ்சு மணிக்குள்ள அவங்க ஆபீஸ்ல இதக் குடுத்துட்டு வந்துடறேன்.”

சாவி ஆணியில் தொங்கியது. எடுக்கப் போனபோது இடுப்பில் போன் அதிர்ந்தது. வாழ்த்துகள், உங்கள் முதல் நேரடிப் பயிற்சி நாளை காலை பத்து மணிக்கு, வசதியான காலணி அணிந்து வரவும்.

“பஸ்ல போயிட்டு வாங்களேன் தம்பி.”

“ஏன், வேன்ல பெட்ரோல் இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன?”

அந்த ஆள்மேல தப்பில்ல. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாத்தனார் அழுது சிவந்த கண்ணோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்று சாவியை நீட்டினாள்.

வேன் முந்தாநாள் துள்ளி நின்ற இடத்திலேயே, சற்றுக் கோணலாக நின்றது. அவள் வாசலில் நின்று பார்த்தாள். கொழுந்தன் காகிதத்தை மடித்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து ஏறினான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. காலை இழுத்து, உடம்பை ஒடுக்கிப் பாதி உட்கார்ந்தான். கண்ணாடியை அண்ணாந்து பார்த்தான். அதில் பின்னால் கிடக்கும் அண்ணனின் கருவிப் பெட்டி மட்டும் தெரிந்திருக்கும். பழகிய கை இருக்கையை நகர்த்த அதன் அடியில் இருக்கும் கம்பியைத் தேடிப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது.

திரும்பி வாசலைப் பார்த்தான். அவள் முகத்தை முதலில். பிறகு காலிலிருந்து தலைவரைக்கும், அளவெடுப்பவன்போல.

“என்னடா, ஸ்டார்ட் ஆகலையா?” என்று உள்ளேயிருந்து நாத்தனார் கேட்டாள்.

அவன் இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை. இறங்கினான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, சாவியை வேனின் முகப்பில் வைத்தான். தெருவில் நடந்தான். பின்பாக்கெட்டிலிருந்த காகிதம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. விழுந்துவிடும்போல இருந்தது. விழுவதற்குள் அவன் முனை திரும்பிவிட்டான்.