சிரித்த குரல் தேவை

பெர்மெத்தின் குரல் கேட்டால், எங்கள் நாரின் ஊரில் கையில் எடுத்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்பார்கள். வட்டார வானொலியில் மாலைதோறும் இரங்கல் அறிவிப்பு வாசித்தவள் அவள். ஒலிப்பதிவு செய்தவன் நான், ஷார்ஷென். போன குளிர்காலத்தில் நிலையத்தை மூடினார்கள். எனக்கென்ன, கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்துக்கொள்வேன். அவளுக்கு அந்த வழியும் கிடையாது. கல்யாண வீட்டுக்காரன் எவனாவது அவளைக் கூப்பிடுவானா?

புருஷன் ரஷ்யாவுக்குப் போனவன், போனதுதான். மாஸ்கோவில் இருக்கும் தங்கை, ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைக்கும் வேலை பார்த்து வைத்திருந்தாள். அங்கே போவதென்றால் மகள் அய்பிகேயை யார் வீட்டிலாவது விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அப்பன் முகமே மறந்துபோன குழந்தை. அம்மாவும் வெறும் போன் குரலாகிவிட்டால் அது என்னாகும்?

அப்போதுதான் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தொலைக்காட்சி, காலை நிகழ்ச்சிக்கு ஆள் தேவை என்று அறிவித்தது. நாங்கள் பார்த்தது கடைசி நாளில். மாலை ஆறு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தன்விவரத்தை நான்தான் மெருகேற்றினேன். சாவு அறிவிப்பு வாசித்தவள் 'சமூகச் செய்திப் பிரிவின் பொறுப்பாளர்' ஆனாள். கடிதத்தில் கை போன இடமெல்லாம் 'துடிப்பான' என்று எழுதினேன். புகைப்படத்துக்கு இரவல் வாங்கிய நீலக் கோட்டு தொளதொளவென்று இருந்தது. முதுகுப் பக்கம் ஊக்கு குத்தி இறுக்கினேன். இதிலெல்லாம் ஏமாற்றிவிட்டோம். குரலில்தான் முடியவில்லை. எழுதிவைத்துப் படிக்காமல், தெரிந்தவரோடு பேசுவதுபோல, சிரித்த குரலில் ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்ப வேண்டுமாம்.

எதிரொலி வராமலிருக்க அவளுடைய சீர்வரிசை மெத்தைகளைச் சுற்றி அடுக்கி, நடுவில் அவளை உட்காரவைத்தேன்.

"காலை வணக்கம், அன்பு நேயர்களே..."

"அக்கா, இப்ப யாரை அடக்கம் பண்றோம்?"

"வாயை மூடுடா. சிரிச்சுக்கிட்டுத்தானே சொன்னேன்."

"பல்லு சிரிக்குது. தொண்டை சிரிக்கலையே."

மறுபடி பேசினாள். மறுபடியும் எழவு விழுந்தது. டீ குடித்தாள், எழுந்து ஆடினாள், நான் சொன்ன அசிங்கமான ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். மைக்கைப் பார்த்ததும் குரல் இறங்கிவிடும். கடைசியில் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எனக்கு வராதுடா. மாஸ்கோவுக்கே போய்த் தொலையறேன். புள்ளைக்கு நீ எப்பவாவது ஒரு மிட்டாய் வாங்கிக் குடு."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டு அலிம்பெக். அவருடைய அண்ணன் கச்கின் மத்தியானம் இறந்துவிட்டார். கச்கினின் மகன் எல்தோஸ் மாஸ்கோவில் கட்டட வேலை செய்கிறான். போனில் சாவு சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைத்து, ஊருக்கு வந்த பிறகுதான் சொல்லவேண்டும்.

"நாங்க பேசினா அழுதுருவோம், கண்டுபிடிச்சிருவான்" என்றார் அலிம்பெக். "நீ குரலை வெச்சுப் பொழைச்சவ. நீ பேசும்மா."

பெர்மெத் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு நீட்டிய போனை வாங்கி, இருந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"எல்தோஸ்! என்னடா மாப்பிள்ளை, சாப்பிட்டியா? இங்க வெயில் அடிக்குதுடா! பனி உருகி ஆத்துல என்ன சத்தம்ங்கறே! உங்க பழுப்புக் குதிரை குட்டி போட்டிருக்கு, நெத்தியில வெள்ளைப் பொட்டு. அப்பா உனக்குப் பொண்ணு பாத்துட்டாரு. கன்னத்துல குழி விழுது அவளுக்கு! லீவு கேட்டு ராத்திரி விமானத்துலயே கிளம்பிரு. இல்லாட்டி வேற எவனாவது கொத்திக்கிட்டுப் போயிருவான்!"

"அக்கா, உங்க குரலைக் கேட்டதும் எனக்கு உசிரே போயிருச்சு" என்றான் அவன். "சிரிக்கிறீங்களா? அப்பாடா. கண்டிப்பா வரேன்."

அலிம்பெக் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அப்போதுதான் கவனித்தேன், பதிவுக் கருவியை நான் நிறுத்தவே இல்லை. போட்டுக் கேட்டோம். அதுதான் அவர்கள் கேட்ட குரல். காலையில் கேட்டால் போர்வையை உதறிவிட்டு எழுந்துவிடத் தோன்றும்.

பெர்மெத் வாசலில் கிடந்த மகளின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பேரை எடுத்துரலாமா?"

"எடுத்துரலாம். அவன் பேசினதையும், பொண்ணு பாத்த கதையையும் எடுத்துரலாம்."

"சாவு வீட்டுல திருடுற மாதிரி இருக்குடா."

"அப்ப அழிச்சிரட்டுமா?"

மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அனுப்பு" என்றாள். அதைத் தன் பழைய இரங்கல் குரலில்தான் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் கச்கின் வீட்டு முற்றத்தில் உடலை வைக்கக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் விளக்கு கட்டிக்கொண்டிருந்தேன். ஊர் எல்லையிலேயே எல்தோஸிடம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. "ஐயோ என் அப்பாவே!" என்று கதறிக்கொண்டே ஓடிவந்தான். கூடார வாசலில் நின்ற பெண்களுக்கு நடுவில் பெர்மெத்தைப் பார்த்ததும் அந்தக் கதறல் பாதியில் நின்றது.

"நீங்க சிரிச்சீங்களேக்கா" என்றான்.

அவன் உள்ளே போனான். ஒப்பாரி பெரிதாக எழுந்தது. அந்த நேரத்தில் அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விறுவிறுவென்று கூடாரத்துக்குப் பின்னால் போனாள். நானும் போனேன்.

தொலைக்காட்சிக்காரர்கள் அதே குரலில் இன்னொரு தடவை பேசிக்காட்டச் சொல்லியிருக்க வேண்டும். பெர்மெத் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"காலை வணக்கம், அன்பு நேயர்களே! எழுந்துட்டீங்களா? வெளியே வந்து பாருங்க, மலை மேல என்ன வெயில்!"

இத்தனை வருஷம் அவள் குரலைக் கேட்டு வந்த காது இது. ஒரு பிசிறு கூடத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"பின்னால கேக்குற சத்தமா? அது ஒண்ணுமில்லைங்க" என்றாள் பெர்மெத், சிரித்துக்கொண்டே. "டிவி ஓடுது."