அத்தை சொன்ன 'பட்'

அத்தை எதையும் பாராட்டித்தான் தொடங்குவாள். "தைச்சது நல்லாத்தான் இருக்கு, ஆனா…" என்று இழுப்பாள். அந்த 'ஆனா' காதில் விழுந்ததும் மருமகளின் தோள் தானாகக் குறுகும். முன்னறையைத் தையல் கடையாக்கலாமா என்று கேட்டபோதும் அதே கதைதான்: "நல்ல யோசனைதான், ஆனா…" அதற்கு மேல் பேச்சில்லை. மாமா இறந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கும் அறை அது. சாவி அத்தையின் இடுப்பில். தையல் மெஷினோ சமையலறையில், அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே.

துணி கொடுக்க வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசலாமே என்று மருமகள் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். "வீட்டுல தனியா உக்காந்து நான் என்ன பண்ண?" என்று அத்தையும் கூடவே வந்து முதல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று டீச்சர் பலகையில் 'பட்', 'ஆல்தோ' என்று எழுதினாள்.

"ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கிற ரெண்டு விஷயத்தைச் சேர்க்கிற வார்த்தைங்க. பக்கத்துல இருக்கிறவங்களைப் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

பஸ் டிரைவர் எழுந்து, கூட வேலை பார்க்கும் டிரைவரைக் காட்டினார். "ஹி ஸ்லீப் டூ மச், பட் குட் டிரைவர்!" அதன் பிறகு அந்த பஸ்ஸில் ஏறும் ஆசை வகுப்பில் யாருக்கும் இல்லை.

அடுத்தது அத்தை. மருமகளின் தோள் குறுகியது.

"மை மருமகள்… டூ மச் டாக்." அத்தை விரலை மடக்கினாள். "ஹோல் ஹவுஸ் நூல். மார்னிங் லேட். டீ, நோ சுகர்."

"அம்மா, இன்னும் 'பட்' வரலையே?"

"இருங்க டீச்சர். குறையெல்லாம் முதல்ல கொட்டிடறேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மருமகள் தலை நிமிரவில்லை.

"பட்…" என்றாள் அத்தை. வாய் திறந்தது, மூடியது. கைவசம் இருந்த இங்கிலீஷ் எல்லாம் திட்டியதிலேயே தீர்ந்துவிட்டிருந்தது. இடுப்பைத் தடவினாள். முன்னறைச் சாவியை எடுத்து மருமகளுக்கு முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"பட்… கீ!"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, வாக்கியத்தை முழுசா சொல்லணும்."

"இதுக்கு மேல என்னம்மா முழுசு?"

மருமகள் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். விஷயம் தெரியாமலேயே பஸ் டிரைவர் கைதட்ட, தூங்குமூஞ்சி டிரைவரும் விழித்துக்கொண்டு தட்டினார்.

திரும்பி நடக்கையில் அத்தை சொன்னாள்: "மெஷினை ஜன்னலோரம் போடு, வெளிச்சம் வரும். ஆனா…"

தோள் இம்முறை குறுகவில்லை. "சொல்லுங்க அத்தை."

"மாமா நாற்காலி அங்கேயே இருக்கட்டும். வர்றவங்களை நான் பாத்துக்கறேன்."

"பாக்கலாம். பேசக்கூடாது."

"போடி இவளே! பின்ன எதுக்கு இங்கிலீஷ் படிக்கிறேனாம்?"