வெங்காரமும் பன்னீரும்

முந்தைய நாள் காய்ச்சிய களிம்பும் பிரிந்துபோயிற்று. காலையில் ஐடா மூடியைத் திறந்து பார்த்தபோது தேன்மெழுகும் நல்லெண்ணெயும் மேலே ஆடைபோல் உறைந்து கிடந்தன. விலை கொடுத்து வாங்கிய பன்னீர் அடியில் தனியாகத் தேங்கி நின்றது. அவள் சட்டியைப் படாரென்று தரையில் வைத்தாள்.

“ஒன்னுக்கொன்னு பேசவே மாட்டேங்குது, பாருங்களேன்!” என்று கணவனிடம் சொன்னாள்.

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாணிக்கராஜ் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “எண்ணெயும் தண்ணியும் எந்த ஊர்ல மே சேர்ந்துக்கினு கீது?”

“சேரும். எப்படின்னுதான் எனக்குத் தெரியல.”

ஐடா கோலார் தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள். மருந்துக் களிம்புகளை அரைப்பதும் குழைப்பதும் அங்கேதான் அவள் கைக்கு வந்தன. கல் பொறுக்கும் பெண்களின் உள்ளங்கைகள் கோலார்க் காற்றில் வெடித்து ரத்தம் கசிவதைப் பார்த்து, மெழுகும் எண்ணெயும் சேர்த்து அவளாகவே ஒரு பூச்சு செய்தாள். அவள் குடியிருந்த கோரமண்டல் பகுதித் தொழிலாளர் லைன் வீடுகளில் அந்தப் பூச்சு இல்லாத மாடமே இல்லை.

அந்தப் பூச்சுதான் டெய்சி துரைச்சியை அவள் வாசலுக்குக் கொண்டுவந்தது. பெங்களூர் கண்டோன்மென்டில் சோப்பும் வாசனைத் தைலமும் விற்கும் கடை வைத்திருந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி அவள். கோரமண்டலில் ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் உதடு வெடித்துவிட, யாரோ ஐடாவின் பூச்சைக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, லைன் வீட்டுச் சந்துக்குள் புகுந்து வந்துவிட்டாள்.

“இத்தனை வருஷமா லண்டன்காரன் பேரு போட்ட டப்பாவையே வித்துக்கிட்டு இருக்கேன் ஐடா. எனக்கு என் பேருல ஒரு க்ரீம் வேணும்” என்றாள். “உன்னோடது கைக்கு நல்லாருக்கு. முகத்துக்குப் போட்டா எண்ணெய் வழியுது. பூசினதும் ஜில்லுனு இருக்கணும். கொஞ்ச நேரத்துல தோலுக்குள்ள போயிடணும். வறண்ட தோலுக்கு ஒன்னு, வேர்க்கிற தோலுக்கு ஒன்னு. கிறிஸ்மஸ் சீசனுக்குள்ள செஞ்சு தருவியா?”

செய்ய முடியுமா என்று ஐடா யோசிக்கவே இல்லை. “தர்றேன் மிஸ்ஸம்மா” என்று சொல்லிவிட்டாள்.

ஜில்லென்று இருக்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர்தான் மெழுகோடு சேர மறுத்தது. முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துப் பார்த்தாள், நாறிப்போயிற்று. கஞ்சி சேர்த்துப் பார்த்தாள். பூசிக்கொண்டவர்களின் முகத்தில் பொருக்கு விட்டது. அடுத்த வீட்டு வெங்கடம்மா, “எம்மே, என்னெ அப்பளமா காயவெச்சுட்டியே!” என்று கன்னத்தைச் சுரண்டிக்கொண்டே ஓடினாள். கல் பொறுக்கும் வேலை செய்கிற வெங்கடம்மாவுக்குச் சொந்த ஊர் சித்தூர்ப் பக்கம். எதைப் பூசினாலும் முதல் ஆளாக முகத்தைக் காட்டுகிறவள் அவள்தான்.

பதில் மாணிக்கராஜின் கையில் வந்தது.

அவனுக்குத் தங்கம் உருக்கும் கொட்டகையில் வேலை. உலைச் சூட்டில் அவன் கை தோல் உரிந்துவிடும் என்பதால் ஐடா தினமும் பூச்சைத் தடவித்தான் அனுப்புவாள். அன்று சாயங்காலம் அவன் முற்றத்தில் உட்கார்ந்து கையை வெந்நீரில் தேய்த்துக்கொண்டிருந்தான். ஐடா சோற்றை வடித்துவிட்டுத் தற்செயலாகத் திரும்பினாள். அவன் விரல்களுக்கு இடையிலிருந்து பால் வழிந்தது.

“இன்னாங்க அது? சோப்பு போட்டீங்களா?”

“சோப்பு ஏது? வெறும் தண்ணிதான்.”

அவள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். பூச்சின் பிசுக்கு எதுவும் மிதக்கவில்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகி, வெள்ளை வெளேரென்று, குழைவாக அவன் உள்ளங்கையில் நின்றது.

“இன்னிக்கு இன்னாத்தைத் தொட்டீங்க? சீக்கிரம் சொல்லுங்க!”

“தினம் தொடறதுதான். தங்கம் உருக்கச்சொல்லோ அழுக்கைப் பிரிக்க வெங்காரம் போடுவோம். இன்னிக்கு மூட்டை கிழிஞ்சு கையெல்லாம் கொட்டிக்கிச்சு. ஏன் மே இப்படிப் பாக்கற?”

“வெங்காரம்!” ஐடா அவன் ஈரக்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். “வெங்காரம்ங்க!”

உருக்குக் கொட்டகையிலிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. வாசலில் வாயைத் திறக்கச் சொல்லிக்கூடச் சோதிப்பார்கள். மாணிக்கராஜ் அதைச் சொல்வதற்கு முன்பே, “சந்தையில காத்தவராயன் ஆசாரி வெச்சிருப்பாரு” என்று ஐடா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

நகை செய்யும் காத்தவராயன் ஒரு பொட்டலம் வெங்காரத்தைக் கொடுத்துவிட்டு, “எந்த நகையைம்மா பத்தவைக்கப் போற?” என்று கேட்டார்.

“நகையில்ல ஆசாரி. மொகம்!” என்று சொல்லிவிட்டு அவள் பாதி ஓட்டமாக வீடு திரும்பினாள்.

முதல் தடவை வெங்காரத்தைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். மெழுகு சில்லுச் சில்லாக உறைந்தது. ஐடா சோர்ந்துவிடவில்லை, மாணிக்கராஜின் கை வெந்நீரில் அல்லவா இருந்தது? அடுத்த தடவை ஒரு அடுப்பில் மெழுகையும் எண்ணெயையும், இன்னொரு அடுப்பில் வெங்காரம் கரைத்த பன்னீரையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்தாள். மெல்லிய நூலாக ஊற்றிக்கொண்டே கிண்டினாள். மஞ்சள் எண்ணெய் முதலில் கலங்கியது. பிறகு வெளுத்தது. பிறகு கரண்டி கனத்தது. ஆறவிட்டபோது, அப்போதுதான் எடுத்த வெண்ணெய்போலச் சட்டி நிறையத் திரண்டு நின்றது.

விரலால் தொட்டுப் புறங்கையில் இழுத்தாள். ஜில்லென்றது. தேய்த்தாள். மறைந்துவிட்டது.

“அக்கா! வெங்கடம்மாக்கா!” என்று அவள் போட்ட கூச்சலில், பாம்பு வந்துவிட்டதென்று நினைத்து லைனே கழியும் கையுமாகக் கூடிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் ஐடாவுக்குச் சோறு தண்ணீர் நினைவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் அடுப்பை மூட்டுவாள். ஒவ்வொருத்தியின் தோலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. வெங்கடம்மாவுக்கு மெழுகு கூடுதலாக வேண்டியிருந்தது. ஃப்ளோரா என்கிற தையல்காரப் பெண்ணுக்கு எப்போதும் மூக்கில் எண்ணெய் மின்னும். அவளுக்கு எண்ணெயைக் குறைத்துப் பன்னீரைக் கூட்டினாள். வெங்காரம் கொஞ்சம் ஏறினாலும் தோல் இழுத்துப் பிடித்தது, குறைந்தால் சட்டியில் தண்ணீர் விட்டது. வாசனைக்காக இலவங்கத் தைலம் விட்ட ஒரு நாள் ஐடாவின் கன்னமே தீப்பட்டதுபோல் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் முழங்கை மடிப்பில் தடவி, ஒரு ராத்திரி பொறுத்திருந்து பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோனாள்.

டெய்சி மறுபடி வந்தபோது இரண்டு கிண்ணங்கள் தயாராக இருந்தன. டெய்சி ஒரு விரலால் எடுத்துக் கன்னத்தில் பூசினாள். கண்ணாடியைப் பார்த்தாள். இன்னொரு விரல் எடுத்தாள். பிறகு கழுத்து முழுக்கப் பூசிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்தபடியே கைதட்டிச் சிரித்தாள்.

“மை காட்! லண்டன்காரன் செத்தான் ஐடா!”

வெங்கடம்மா கதவோரத்தில் நின்று, தானே செய்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

டெய்சி கைப்பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். “அடுத்தது மூணாவது. வெளுப்பாக்கற க்ரீம். மெட்ராஸ்ல எல்லாக் கடையிலயும் அதுதான் ஓடுது. அதுக்குப் போடற பொடி இது. உன் க்ரீம்ல கலந்தா போதும். நானே வருஷக்கணக்கா இதைத்தான் பூசறேன்.”

பொடி வெள்ளையாக, கனமாக இருந்தது. சின்னப் பொட்டலத்துக்கு இவ்வளவு கனமா என்று ஐடாவுக்குத் தோன்றியது. “இது இன்னா பொடி மிஸ்ஸம்மா?”

“அது கெமிஸ்டுக்குத்தான் தெரியும்.”

டெய்சி அன்று விருந்தினர் பங்களாவில் தங்கினாள். ஐடா பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு கனமான வெள்ளைப் பொருளை அவள் கண்டதில்லை. கனமான இன்னொரு பொருள் மட்டும் அவளுக்குத் தெரியும். கல்லை இடிக்கும் மில்லில் செப்புத் தகட்டின்மேல் பாதரசம் பூசி வைப்பார்கள். கல் குழம்பில் வரும் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தகட்டுவேலை பார்த்த ஏசுபாதம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அவர் ஈறுகளுக்குக் கட்டுப் பஞ்சு வைத்தது ஐடாதான். பாதரசம் உடம்பில் ஏறி அவர் பல்லெல்லாம் ஆடியது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தியது.

அவள் ஒரு சிட்டிகைப் பொடியைப் புளியோடு குழைத்து, செப்புச் சொம்பின்மேல் தேய்த்தாள். மாணிக்கராஜ் பக்கத்தில் குந்தினான். புளி பட்டால் செம்பு சிவந்து பளபளக்க வேண்டும். இங்கே தேய்த்த இடம் மட்டும் வெள்ளிபோல் வெளுத்தது.

“மில்லுத் தகடு மாதிரியே கீதே!” என்றான் மாணிக்கராஜ். அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

மறுநாள் டெய்சி வந்ததும் ஐடா சொம்பை அவள் மடியில் வைத்தாள். பொடியில் பாதரசம் இருப்பதையும் ஏசுபாதத்தைப் பற்றியும் சொன்னாள். “இதை நான் கலக்க மாட்டேன் மிஸ்ஸம்மா. மத்த ரெண்டும் வேணாம்னாலும் பரவாயில்ல.”

டெய்சியின் முகம் கடுத்தது. “நான் விக்கலைன்னா அடுத்த கடைக்காரன் விப்பான். எல்லாரும் கேக்கறதே இதைத்தான். கொஞ்சம்போல பூசினா என்ன ஆயிடும்? என்னைப் பாரு, எனக்கு என்ன ஆச்சு?”

ஐடா பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்க்கும் பார்வையாகவே அது இருந்தது. “கோச்சுக்காதீங்க. வாயைக் கொஞ்சம் திறங்க.”

டெய்சிக்கு என்ன தோன்றியதோ, திறந்தாள். ஈறுகளின் ஓரத்தில், பேனாவால் இழுத்ததுபோல், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

“பல்லு விளக்கச்சொல்லோ ரத்தம் வருதா?”

டெய்சி சொம்பின் வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வாயில எப்பவும் இரும்பு ருசி” என்று மெதுவாகச் சொன்னாள். “சாயங்காலமானா கை நடுங்குது. வயசுன்னு நெனச்சேன்.” கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டினாள். அவை லேசாக ஆடின.

வெங்கடம்மா முன்னால் வந்து அந்தக் கையைத் தன் காய்ப்பேறிய இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். “நிறுத்திப்புட்டா செரியாப்பூடும் துரைச்சி. இன்னா, இப்பவே தெரிஞ்சுதே, நல்லகாலம்.”

“நிறுத்தினா நான் கறுத்துடுவேனே!” என்றாள் டெய்சி. சொன்ன வேகத்திலேயே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. அந்தச் சிரிப்பு ஐடாவுக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு அவள் பொட்டலத்தை எடுத்து, ஆஸ்பத்திரி டாக்டரிடமே சேர்த்துவிடலாம் என்று ஒரு பீங்கான் ஜாடியில் போட்டு இறுக மூடினாள்.

“மூணாவது நான் செஞ்சு தர்றேன்” என்றாள் ஐடா. யோசனை பேச்சோடு பேச்சாக வந்தது. அவள் கண்கள் விரிந்தன. “உங்களுக்குன்னே. இத்தனை வருஷம் அந்தப் பொடி தின்ன தோலு, அதுக்கு வெங்காரம் ரொம்பக் கம்மியா இருக்கணும். பாதாம் எண்ணெய் போடலாம். சந்தனம் ஒரு பொட்டு. உங்க முழங்கையில தடவிப் பாப்போம். ஒத்துக்கலைன்னா மாத்துவோம். மிஸ்ஸம்மா, கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர் தோலையும் பாத்து அவங்கவங்களுக்குன்னு கலந்து குடுத்தா இன்னா? லண்டன்காரன் டப்பா அப்படிக் குடுக்குமா?”

டெய்சி கண்ணைத் துடைத்தாள். “மறுபடி சொல்லு” என்றாள்.

ஐடா சொன்னாள். இந்தத் தடவை டெய்சி எழுந்து நின்றுவிட்டாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரம் வைக்கோல் பொதிந்த பெட்டிகளை மாணிக்கராஜ் ரயிலில் ஏற்றினான். ஐடா ஆஸ்பத்திரியில் லீவு வாங்கிக்கொண்டு, வெங்கடம்மாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் போனாள். பவ்ரிங்பேட்டை ஜங்ஷனில் பெரிய வண்டிக்கு மாறும்போது, யாரும் தொட்டுவிடக் கூடாதென்று வெங்கடம்மா ஒரு பெட்டியின்மேலேயே உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தாள்.

டெய்சியின் கடையில் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். கிண்ணங்கள், தைலங்கள், கம்பளிபோட்டு மூடிய வெந்நீர்க் கெட்டில். டெய்சியின் முகத்தில் வெளுப்பு மங்கிப் பழுப்பு படர ஆரம்பித்திருந்தது. அவள் அதற்குப் பவுடர் போட்டு மறைக்கவில்லை. வாசலில் நின்று, “முதல்ல கையைக் காட்டுங்க, அப்புறம் க்ரீம்!” என்று வந்தவர்களையெல்லாம் உள்ளே தள்ளினாள். மத்தியானத்துக்குள் கூட்டம் நடைபாதைவரை வந்துவிட்டது. ஒரு வக்கீல் வீட்டம்மா, ஒரு பாதிரியாரின் தங்கை, பட்டாளத்துத் துரை ஒருவரின் மனைவி, அவளோடு வந்த ஆயா.

பட்டாளத்துத் துரைச்சிக்குக் கொடுத்து முடித்ததும் ஐடா ஆயாவின் பக்கம் திரும்பினாள். ஆயா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு எதுக்கும்மா?”

“குடுங்கக்கா” என்று ஐடா அந்தக் கையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, புறங்கையை விரலால் நீவிப் பார்த்தாள். “சோப்புத் தண்ணியிலயே கெடக்கிற கை. உங்களுக்கு மெழுகு கொஞ்சம் தூக்கலா வேணும். வெங்கடம்மாக்கா, அந்த வெந்நியை இப்படிக் குடுங்க.”