தங்கமயில் முழுசாக வந்த நாள்

தாராவியில் இருக்கும் தங்கமயில் ஒரே காலை வேளையில் ரேஷன் கடை லைனிலும், தண்ணீர்க் குழாய் லைனிலும், பெரிய ஆஸ்பத்திரி லைனிலும் நிற்பாள். மூன்றும் அவள்தான். கால் முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வேலையை விட்டு வர முடியாதவர்கள், யார் கேட்டாலும் போய் நிற்பாள். அதற்காக ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டாள். கேட்பவர்கள் கூடினால் அவளும் கூடுவாள். அப்போது மட்டும் ஆள் கொஞ்சம் வெளுத்துத் தெரிவாள், பலமுறை துவைத்த சேலை மாதிரி. எங்கள் பக்கத்து ஆட்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. மும்பையில் நிற்க வேண்டிய இடங்கள் அதிகம், என்ன செய்ய?

பக்கத்து மாட்டுங்காவின் தமிழர் சங்கம் வருடாவருடம் தர்மம் செய்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும். மின்விசிறி கொடுத்தவர், பீரோ கொடுத்தவர், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் என்று இதுவரை எல்லாரும் எதையாவது கொடுத்தவர்கள். தங்கமயில் பெயர் வந்தபோது, சும்மா நிற்பது என்ன தர்மம் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். தன் அம்மாவின் கடைசி மாதத்தில் மருந்து லைனில் நின்றது அவள்தான் என்று இன்னொருவர் சொன்னதும் பேச்சு முடிந்தது.

தலைவர் பஞ்சாபகேசன் பேங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த லைனிலும் அவருக்குப் பதிலாக எப்போதும் ஒரு பியூன்தான் நின்றிருக்கிறான். வெற்றிலை பாக்குத் தட்டோடு அவரே நேரில் போய் அழைத்தார். வருகிறேன், ஆனால் ஒருத்திதான் வர முடியும் என்றாள் தங்கமயில்.

"முழுசா வாங்கோம்மா. போட்டோல வெளுத்து விழுந்தா நன்னாவா இருக்கும்?"

பெரிய மனுஷர் வீடு தேடி வந்து தட்டை நீட்டுகிறார், எப்படி மறுப்பது? தாம்பூலத்தை வாங்கிவிட்டாள். வாங்கினால் சொன்னபடி போய்த்தான் ஆக வேண்டும்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஷைஸ்தா வந்து அழுதாள். அவள் கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பது விழா நடக்கும் அதே சனிக்கிழமை காலை. அன்றைக்கு விட்டால் அடுத்தது மழைக்காலம் முடிந்துதான். அதுவரை குழந்தை தாங்காது. புருஷன் துபாயில். அவளோ வார்டில் குழந்தையை விட்டு நகர முடியாது.

விழாவுக்குத் தங்கமயில் முழுசாக வந்தாள். மேடையில் பளிச்சென்று இருந்தாள், காலில் செருப்பில்லாமல். என்ன பணிவு என்று பஞ்சாபகேசன் உருகிப்போய், அதையும் தன் பேச்சில் சேர்த்துக்கொள்ள நினைத்தார். கடவுள் வாழ்த்து முடிந்து வரவேற்புரை நீண்டது. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. மைக்கை நோக்கி எழுந்தவரிடம் மெல்லச் சொன்னாள்.

"அய்யா, அங்க ஒரு பச்சப்புள்ளைக்கு இன்னைக்கு ஆபரேசன் தேதி குடுக்காவ. நான் இங்க முழுசா இருக்கேன். லைன்ல என் செருப்புதான் கெடக்கு. யாராச்சும் தள்ளிட்டா எடம் போச்சு."

பஞ்சாபகேசனை வெட்கம் பிடுங்கித் தின்றது. எழப்போனவளை உட்காரச் சொன்னார். அதன் பிறகு அவர் நெடுநேரம் பேசுவதும் பொன்னாடை போர்த்துவதும் விழா வீடியோவில் இருக்கிறது. கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறார், அவ்வளவுதான். அதே நேரம் ஆஸ்பத்திரியில் பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர், பெண்பிள்ளைச் செருப்பில் கால் நுழையாமல் அதன் மேலேயே ஏறி நின்று, ஜன்னல் வரை நகர்ந்து, தேதி வாங்கி ஷைஸ்தாவின் கையில் கொடுத்தார். சாயங்காலம் அந்தச் செருப்பைத் துடைத்துத் தங்கமயில் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்ததும் அவர்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழந்தை இப்போது சந்தெல்லாம் ஓடுகிறது. பஞ்சாபகேசனின் மனைவி விஜயலக்ஷ்மிக்குத்தான் ஒரு குறை: மனுஷர் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, எங்கோ வெயிலில் நின்று கறுத்துப்போகிறார்.

இந்த வருடம் பொன்னாடை அவருக்கு என்று சங்கம் முடிவு செய்து, தட்டோடு வீட்டுக்குப் போனது. தாம்பூலத்தைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"வரேன். ஆனா முழுசா வர முடியாது."

சரி என்று சொல்லி, காபி குடித்துவிட்டு வந்தார்கள்.