ஒட்டிக்கொள்ளும் மணிகள்

ஆக்சிஜன் இயந்திரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்து மூன்றாம் நாள்தான் மெக்கானிக் முத்துசெல்வம் கோவில்பட்டியிலிருந்து வந்தான். அதுவரை ஸ்டெல்லாமேரி சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பசுவந்தனையில் சத்துணவு சமைத்து, முப்பது வருஷம் விறகுப்புகை குடித்தவள். புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. நுரையீரல் கெட்டபிறகு அந்த இயந்திரம் மட்டுந்தான் வீட்டில் சத்தம் போட்டது.

முத்துசெல்வம் இயந்திரத்துக்குள்ளிருந்த உருளை ஒன்றைத் திறந்து கையில் கொட்டினான். கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை மணிகள்.

"இதுதான் காத்தைப் பிரிக்குதாக்கும்?"

"ஆமாக்கா. அழுத்தமா காத்தை உள்ள விட்டா நைட்ரஜன் இதுல ஒட்டிக்கிடும், ஆக்சிஜன் வெளிய வந்துரும். அழுத்தத்தைக் குறைச்சா ஒட்டுனதும் விட்டுரும். நாள் முழுக்க இதே வேலைதான். இந்த மழையில ஈரம் ஏறிட்டு. ஈரம் ஒட்டுனா லேசுல விடாது, நைட்ரஜனுக்கு இடமிருக்காது."

புது உருளைகளை மாட்டினான். மீட்டர் ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று சதவீதம் என்று காட்டியது. அவளுக்கு மூச்சு இலகுவாயிற்று.

"இனி அஞ்சு வருசத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்" என்றான் சந்தோஷமாக.

அவள் முகம் சுண்டிவிட்டது. ஒரு மனுஷரோடு இவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று!

"அந்த பில்டரு? மாசாமாசம் கழுவணும்லா? எனக்குக் கழட்டத் தெரியாதே தம்பி."

அவன் பஞ்சு பில்டரை உருவினான். காலையில்தான் கழுவியிருந்தாள், இன்னும் ஈரம் காயவில்லை. அவன் அவளைப் பார்த்தான். அதை ஜன்னலில் காயப் போட்டுவிட்டு, பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினான்.

"சரிக்கா. மாசம் மொத சனிக்கிழமை வாரேன்."

நவம்பரில் வந்தான். டிசம்பரிலும் வந்து காபி குடித்துப் போனான். ஜனவரியில் வரவில்லை. தெருவே உளுந்து பறிக்கப் போயிருந்தது. பிளாஸ்கில் காபி ஆறும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் கையில் எடுத்தாள். என்ன ரிப்பேர் என்று சொல்வது? வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமையும், அதற்கடுத்ததும் அப்படியே போயின.

பிப்ரவரியில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஓட்டிவந்தது ஒரு பெண். பின்னால் கையில் மாவுக்கட்டோடு முத்துசெல்வம்.

"கயத்தாறு பக்கம் விழுந்துட்டேன்க்கா. இவ என் வீட்டுக்காரி பூங்கொடி."

"படுத்துக் கெடந்தப்பவும் 'அக்கா பில்டரு, அக்கா பில்டரு'ன்னே இருந்தாவ" என்றாள் பூங்கொடி.

ஸ்டெல்லாமேரி நாற்காலிமேல் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள்.

"பில்டரு கெடக்கட்டும். உக்காருங்க, சாப்பிட்டுட்டுத்தான் போணும்."